ஈசானிய மூலைக்குப் பதினேழு சொந்தக்காரர்கள்

கல்யாணப் பந்தியில் இலையில் தெளித்த தண்ணீரை வலது கையால் வழித்துவிட்டபோதுதான் தன் விரல்கள் நடுங்குவது கோதண்டபாணிக்குத் தெரிந்தது, தெரிந்ததும் அதைப் பக்கத்தில் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று இன்னொரு தடவை தேவையில்லாமல் வழித்தார், இலை பளபளவென்று ஆனதே தவிர நடுக்கம் நிற்கவில்லை, ரசம் வரும்வரை இப்படியே நடுங்கினால் எழுந்து நின்று பேசும்போது குரலும் சேர்ந்து நடுங்குமே, நடுங்குகிற குரலை எவன் மதிப்பான். ரசம் ஊற்றும்போது எழுந்திருங்கள் என்று முடிவு செய்தது திலகவதி டீச்சர்தான், அந்தம்மா பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர், எதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பார், "சாம்பார் ஊத்துறப்போ ஜனங்க பசியில இருக்கும், நம்ம பேச்சு காதுல ஏறாது, மோருக்கு வந்துட்டா பாதிப் பேர் கை கழுவப் போயிடும், ரசம்தான் சார் சரியான நேரம், வயிறும் நெறஞ்சிருக்கும் ஆளும் உட்கார்ந்திருக்கும்" என்றார், மனை விற்ற லோகநாதனிடம் பணம் விட்ட பதினேழு குடும்பமும் தலையாட்டியது, யார் எழுந்து கேட்பது என்று வந்தபோது பதினாறு விரலும் கோதண்டபாணியைக் காட்டின. உங்களுக்குத்தான் சார் வாய் இருக்கு. இருக்கிறது, யார் இல்லையென்றது, ஜவ்வாது மலையில் நிலம் அளக்கப் போனபோது சங்கிலியின் மறுமுனையை ஒரு மலைப்பாம்பு வாயில் கவ்விக்கொண்டு ஒரு ஃபர்லாங் தூரம் ஒழுங்காக நடந்து வந்து அளவு சரிபார்த்துக் கொடுத்தது என்று அவர் சொன்னதை அலுவலகத்தில் தாசில்தார் உட்பட எல்லோரும் கேட்டார்கள், ஒருத்தர்கூடப் பாம்பு எப்படி நடக்கும் என்று கேட்கவில்லை, அப்படிப்பட்ட வாய். ஆனால் பொய் சொல்லும்போது ஒருநாளும் நடுங்காத கை உண்மையைக் கேட்க வந்த இடத்தில் நடுங்குகிறது, இது என்ன கணக்கு. இடது பக்கத்தில் சௌந்தரம் இலை நுனியில் வைத்த உப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸில் வரும்போது ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள், "அவன் வீட்டு உப்பத் தின்னுட்டு அவனையே கேக்க நாக்கு எழும்புமா, யோசிச்சிக்குங்க." அப்போது சிரித்தார். இப்போது உப்பு அங்கேயே இருக்கிறது, வெள்ளையாக, ஒரு சிட்டிகை, இவரைப் பார்த்துக்கொண்டு.

கேசரி வந்தது, வாழைக்காய் வறுவல் வந்தது, அவியலா கூட்டா என்று தெரியாத ஒன்று வந்தது, எல்லாவற்றையும் போடு போடு என்று கை காட்டிக்கொண்டே கண்ணால் மண்டபத்தை அளந்தார், அளந்தே பழகிய கண், இந்தச் சாப்பாட்டுக்கூடம் நீளம் எண்பதடி இருக்கும், தூணுக்குத் தூண் பன்னிரண்டடி, அந்தக் கோடியில் டீச்சர், அவருக்கு எதிர்வரிசையில் மருந்துக்கடை சுப்புராயலு, ஜன்னலோரம் கேபிள்காரரும் அவர் மாமியாரும், எல்லோரும் சாப்பிடுவதுபோல் குனிந்து எல்லோரும் இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை பேரும் ஒரே ஒரு மனைக்குச் சொந்தக்காரர்கள் என்று வெளியாளிடம் சொன்னால் இதுவும் கோதண்டபாணி விடுகிற கதை என்பான். ஆனால் இது கதையில்லை. லோகநாதன் திண்டிவனம் சாலையில் பொன்வயல் நகர் என்று கொடி நட்டு வேனில் ஆள் கூட்டிக்கொண்டு போய் எலுமிச்சம் சாதமும் தயிர் சாதமும் போட்டுக் காட்டியபோது ஒவ்வொருத்தரும் தனித்தனியாக அவனை ஓரமாகக் கூப்பிட்டு ஒன்றையேதான் கேட்டிருக்கிறார்கள், தம்பி, ஈசானிய மூலை கார்னர் மனை கிடைக்குமா, கிழக்குப் பார்த்து இருக்கணும், மத்ததெல்லாம் வேண்டாம். அவனும் ஒவ்வொருத்தர் காதிலும் ஒன்றையேதான் சொல்லியிருக்கிறான், அத உங்களுக்குன்னே யாருக்கும் காட்டாம வச்சிருக்கேண்ணே, வெளிய சொல்லிடாதீங்க. வெளியே சொல்லவில்லை. அத்தனை பேரும் ரகசியம் காத்தார்கள், கண் பட்டுவிடும் என்று. மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் வரட்டும் பத்திரம் போடலாம் என்று அக்ரிமெண்ட்டோடு நிறுத்தி வைத்தான், இரண்டு வருஷம் கழித்து ஒரு ஆடிப்பெருக்கு நாளில் மனைக்குப் பூஜை போட்டுவிட்டு வரலாமென்று நாலு குடும்பம் தேங்காயும் கற்பூரமுமாக வந்து இறங்கி ஒரே கல்லுக்கு மஞ்சள் பூசப் போய்க் கைகள் முட்டிக்கொண்டபோதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. நடுவில் இருந்த மனைகளையாவது விற்றிருக்கக் கூடாதா பாவி, விற்கத்தான் பார்த்திருக்கிறான், ஒருத்தரும் வாங்கவில்லை, மூலைதான் வேண்டுமென்றார்கள். இதில் கோதண்டபாணியின் நெஞ்சில் குத்துகிற முள் வேறு. அவர் சர்வே இலாகாவில் சங்கிலி பிடித்தவர், மனையை வாங்குமுன் தானே பழைய சங்கிலியைக் கொண்டுபோய், தன் மூலை எது என்று காட்டிக்கொள்ளாமல் மனைப்பிரிவு முழுக்க வெயிலில் அளந்தார், ஒரு விரற்கடை குறையவில்லை, எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் உரக்கச் சொன்னார், "அளவு சுத்தம் தம்பி, பத்தடியில தண்ணி, எங்க வேணாலும் நான் சொல்றேன்." பத்தடியில் தண்ணீர் என்பது அவராகவே சேர்த்தது, வாய் நீளம். வேனிலிருந்து இறங்கிய கூட்டம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றது. சர்வேக்காரரே அளந்து சொல்லிட்டாரு. அப்புறம்தான் பலபேர் அட்வான்ஸ் கொடுத்தார்கள். டீச்சர் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை, சொல்லிக் காட்டினாலாவது பரவாயில்லை, சண்டை போடலாம்.

சோறு வந்தது, ஆவி பறக்க, குழி பறித்துப் பருப்பும் நெய்யும் வாங்கிக்கொண்டார். அவருடைய ஓய்வுப்பணமும் சௌந்தரத்தின் சத்துணவுக்கூடத்துப் பணமும் சேர்ந்து போனது, இத்தனை வருஷம் முட்டையும் கொண்டைக்கடலையும் எண்ணி எண்ணிக் கொடுத்தவள், தன் பணத்தை எண்ணாமல் கொடுத்தாள், நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும் என்று. போன பிறகு ஒருநாள் கூட ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்கவில்லை, வாடகை வீட்டுக்காரன் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பதால் கல்யாணப் படத்தை எந்த வீட்டுக்குப் போனாலும் ஜன்னல் கட்டையில் சாய்த்து வைப்பாள், காற்றடித்தால் குப்புற விழும், நிமிர்த்தி வைப்பாள், அதே மாதிரி இதையும் நிமிர்த்தி வைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள், அந்த மௌனம்தான் கோதண்டபாணியைப் போலீஸ் ஸ்டேஷனுக்கும் வக்கீல் வீட்டுக்கும் துரத்தியது. இன்ஸ்பெக்டர் மனுவை வாங்கிக்கொண்டார். வக்கீல் பத்து வருஷமாகும் என்றார், அதை நல்ல சேதி போலச் சொன்னார். லோகநாதன் நம்பரை மாற்றினான், ஆபீஸை மாற்றினான், வீட்டை மாற்றினான், ஆனால் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்து ஊரெங்கும் கொடுத்தான், மறைத்து வைக்க முடியாதது அது ஒன்றுதான், சம்பந்தி வீட்டார் முன்னால் நாலு பேர் கேட்டால் காசு தன்னால் வரும் என்று டீச்சர் சொன்னபோது நியாயமாகத்தான் பட்டது. "சாம்பார் போடச் சொல்லட்டுங்களா, பருப்போடயே நிக்கறீங்க" என்று வலது பக்கத்து இலைக்காரர் கேட்டார். பெரிய உடம்பு, பட்டுவேட்டி, சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து முடித்தவராம், பெயர் வேதாசலம், மாப்பிள்ளைக்குப் பெரியப்பா, கேட்காமலே இவ்வளவும் சொல்லிவிட்டார். "பொண்ணு வீட்டுப் பக்கங்களா நீங்க?" "ஆமாங்க, ரொம்ப நெருக்கம்" என்றார் கோதண்டபாணி, அந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. "நல்ல மனுசங்க உங்க லோகநாதன். நகை இவ்ளோ போடுங்கன்னு எங்க தம்பி வாயே தெறக்கல. அவராவே சொல்றாரு, பணமா நகையா குடுத்தா கரைஞ்சிடும் சம்பந்தி, பொண்ணு மாப்பிள்ள பேருக்கு மனையா எழுதிடறேன்னு. பொன்வயல் நகர்னு திண்டிவனம் ரோட்டுல. நான் ஒண்ணுதான் கேட்டேன்." கோதண்டபாணிக்கு வாயிலிருந்த சோறு வாயிலேயே நின்றது. "ஈசானிய மூலையான்னு கேட்டேன். சிரிச்சாரு. அத உங்களுக்குன்னே யாருக்கும் காட்டாம வச்சிருக்கேன்னாரு."

சிரிப்பு வந்தது, அடி வயிற்றிலிருந்து கிளம்பி நெஞ்சு வரை வந்து அங்கே வேறு எதுவாகவோ மாறிவிட்டது, பதினெட்டு, இப்போது பதினெட்டுக் குடும்பம், அந்த மனையில் ஆளுக்கு ஒரு கட்டில் போடலாமா, போடலாம், கால் நீட்ட முடியாது. பெற்ற மகளுக்கே அதே கல்லைக் காட்டியிருக்கிறானே என்று கோபம் வந்து, அடுத்த நொடியே அவனுக்கு வேறு எதுவும் இல்லையோ, உண்மையிலேயே கையில் ஒன்றுமில்லாமல்தான் இந்தத் தோரணத்தையெல்லாம் கட்டியிருக்கிறானோ என்று பயம் வந்தது, கையில் இல்லாதவனைக் கத்தி என்ன பயன், நம் பணம் இந்த வாழைக்காய் வறுவலாகவும் நாதஸ்வரமாகவும் ஆகியிருந்தால். சாம்பார் போய்விட்டது. வத்தக்குழம்பு வாளி எதிர்வரிசையில் வந்துகொண்டிருந்தது, அதற்குப் பின்னால் ரசம், வாசனை முதலில் வருகிறது, மிளகும் கொத்தமல்லியும். இப்போது கையில் இருப்பது வெறும் வாயில்லை, வெடி, ஒரே ஒரு வாக்கியம் போதும், எழுந்து நின்று அந்த மனை எங்களுடையது என்றால் இந்தப் பெரியப்பா கை கழுவாமலே எழுந்து மேடைக்குப் போவார், தாலி ஏறி மூன்று மணி நேரமாகியிருக்கிறது, மாலை இன்னும் வாடவில்லை. அந்தப் பெண். திறந்த கதவு வழியாக மேடையில் தெரிகிறாள், யாரோ ஏதோ சொல்லக் கையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறாள், பெயர் பத்திரிகையில் படித்தது மறந்துவிட்டது, அவளுக்கு எதுவும் தெரியாது, தெரிந்திருந்தால்தான் என்ன, நாளைக்கு மாமியார் வீட்டில் ஒவ்வொரு காப்பியோடும் சேர்த்து இதைக் குடிக்கப் போகிறவள் அவள்தான், லோகநாதன் இல்லை. அப்படியானால் சும்மா இருப்பதா. சும்மா இருந்தால் இந்தப் பெரியப்பாவும் நாளைக்கு மஞ்சளோடு அந்தக் கல்லுக்கு வந்து நிற்பார், அன்றைக்கு உடைகிற பானை இன்றைக்கே உடைந்தால் என்ன, இல்லை, அன்றைக்கு வேறு யாராவது உடைக்கட்டும், என் கையால் வேண்டாம், இப்படி நினைப்பதற்குப் பெயர் இரக்கமா தொடை நடுக்கமா. வாழ்க்கை முழுக்க அளந்தாயே, இதை அள. "ரசம்" என்று மேலிருந்து குரல். இலையில் சோற்றுக்குழி இருந்தது, கரண்டி சாய்ந்தது, தூரத்தில் டீச்சர் தம்ளரைத் தரையில் இரண்டு தடவை தட்டினார், சுப்புராயலு பாதி எழுந்து வேட்டியைச் சரி செய்வதுபோல் நின்றார், கேபிள்காரர் மாமியார் கையை மடியில் துடைத்துக்கொண்டார். எழுந்திரு கோதண்டபாணி. ரசம் குழியிலிருந்து உடைத்துக்கொண்டு இலையின் விளிம்பை நோக்கி ஓடியது, அவர் சோற்றால் அணை கட்டினார், அந்தப் பக்கம் உடைத்தது, அங்கே கட்டினார், ரசம் கொண்டுவந்தவன் நாலு இலை தாண்டிவிட்டான், அவர் இன்னும் அணைதான் கட்டிக்கொண்டிருந்தார். பதினாறு இலைகளிலிருந்து பார்வை வந்து முதுகில் விழுந்தது. முப்பது வருஷம் வாயாலேயே பாம்பை நடக்க வைத்த மனுஷன், ரசத்துக்கு முன்னால் ஊமை.

"என்ன பேசிட்டிருந்தாரு அவரு" என்றாள் சௌந்தரம், தலையைத் திருப்பாமல். பெரியப்பா அப்பளம் கேட்டு ஆளைக் கூப்பிடத் திரும்பியிருந்தார், அந்த இடைவெளியில் கோதண்டபாணி குனிந்து நாலே வார்த்தையில் சொன்னார், மாப்பிள்ளை வீட்டுக்கும் அதே மூலையாம். அவள் ஒரு உருண்டை ரசஞ்சோறு எடுத்து வாயில் போட்டு மென்று விழுங்கினாள். அவள் சாப்பிடுகிறாள் என்பதே அப்போதுதான் அவருக்கு உறைத்தது, இலையில் வறுவல் காலி, உப்பும் இல்லை. "நீங்க ஒண்ணும் எழுந்திருக்க வேணாம்" என்றாள். "நீதானே உப்பு கிப்புன்னு..." "நம்ம காசுல போட்ட உப்பு. சாப்டறதுக்கென்ன." அதற்குள் லோகநாதனே வந்துவிட்டான், பெண்ணைப் பெற்றவன் பந்தி விசாரிக்காமல் இருக்க முடியாதே, கைகூப்பிக்கொண்டு வரிசையாக, மெதுவா சாப்டுங்க, என்ன வேணும், கேட்டு வாங்கிக்கங்க, பட்டுச்சட்டையில் வியர்வை, கன்னம் ஒட்டி, ஒரே வருஷத்தில் இப்படிக் கிழடு தட்டிவிட்டானா, அவன் கண் இவர் மேல் பட்டது, அங்கிருந்து பெரியப்பாவுக்குப் போனது, இருவரும் பக்கத்துப் பக்கத்து இலை என்பது அவனுக்குப் புரிகிற நேரத்தைக் கோதண்டபாணி கண்ணால் பார்த்தார், கூப்பிய கை அப்படியே நின்றது, கீழே இறக்க மறந்துபோய். "வாங்க சம்பந்தி" என்றார் பெரியப்பா, "ஒங்க சொந்தக்காரரோடதான் பேசிட்டிருக்கேன், அருமையான மனுசன்." அப்போது சௌந்தரம் தலையை நிமிர்த்தினாள், சத்துணவுக்கூடத்தில் தட்டை நீட்டுகிற குழந்தையைப் பார்ப்பாளே அந்தப் பார்வை. "கல்யாணம் நல்லபடியா நடந்துச்சு தம்பி. பொண்ணு மகாலட்சுமி மாதிரி இருக்கு. எங்களுக்குத்தான் ஒரு வேலையும் குடுக்காம விட்டுட்டீங்க." அவன் புரியாமல் குனிந்தான். "பொண்ணு வீட்டு மொய் மேசையில யாரு உக்காந்திருக்கறது?" "என் மச்சான்..." "அவரு காலைலேர்ந்து உக்காந்திருப்பாரு, சாப்பிட்டிருக்க மாட்டாரு பாவம். எழுப்பி அனுப்புங்க. நானும் டீச்சரம்மாவும் உக்கார்றோம். நம்ம ஆளுங்க எல்லாரும் இருக்காங்க, மேசையச் சுத்தி நின்னு பாத்துக்குவாங்க." பெரியப்பா அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னார், "நல்லதுதானே சம்பந்தி, பெரியவங்க உக்காந்தா கணக்கு சுத்தமா இருக்கும்." நாதஸ்வரம் நின்றுபோய் ஏதோ பழைய பாட்டு ஒலிபெருக்கியில் கரகரத்தது. லோகநாதன் இன்னும் குனிந்தே இருந்தான், சௌந்தரம் குரலைத் தாழ்த்தினாள், பெரியப்பாவுக்கு எட்டாமல், "இன்னைக்கு மேசைக்கு வர்றது எங்க பதினேழு பேருக்குத் தம்பி, பத்தாததுக்குத் தேதி எழுதி டீச்சர் கையில குடுங்க. மாப்பிள்ள வீட்டுக்கு வேற நல்ல எடமா பாத்துக் குடுத்துடுங்க. அந்த மூலையில கூட்டம் ஜாஸ்தி." அவன் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, வெட்கமா பயமா தப்பித்த நிம்மதியா, கோதண்டபாணியால் பிரிக்க முடியவில்லை, தலையை மட்டும் ஆட்டினான், ஒரு தடவை, சின்னதாக, அப்புறம் அடுத்த இலைக்கு நகர்ந்து, மெதுவா சாப்டுங்க என்றான்.

சௌந்தரம் இலையை மடித்து எழுந்து போனாள். போகிற வழியில் டீச்சரின் தோளைத் தொட்டாள், டீச்சர் எழுந்தார், சுப்புராயலு எழுந்தார், ஜன்னலோரம் எழுந்தது, மோர் வாளிக்காரன் திகைத்து வழிவிட்டான். கோதண்டபாணி மட்டும் உட்கார்ந்திருந்தார், இலையில் ரசம் குளமாக நின்றது. மொய் என்றால் லோகநாதன் உயிரோடிருக்கும்வரை வீடு வீடாகத் திருப்பி எழுத வேண்டிய கடன், இவர்களிடம் வாங்கியதை அவர்களிடம் வாங்கி அடைக்கிறான், அவன் பாடு இனி ஊரோடு, பதினேழு பேர் வயிற்றெரிச்சலோடு இல்லை, அதுவும் ஒரு தினுசில் நல்லதுதான் என்று நினைத்தார், நினைத்துவிட்டு இப்படி யோசிக்கத் தனக்கு ஏன் வரவில்லை என்றும் நினைத்தார், அத்தனை நாளும் வெடியைப் பற்றியே யோசித்தோம், பந்தியைப் பார்த்தோம், மேடையைப் பார்த்தோம், வாசலில் காசு வந்து விழுகிற மேசையை ஒருத்தரும் பார்க்கவில்லை, அவள் பார்த்தாள், உள்ளே நுழையும்போதே பார்த்திருப்பாள், அதனால்தான் உட்கார்ந்ததிலிருந்து அவ்வளவு அமைதி. போதுமா என்றால் போதாது, ஆளுக்குக் கொஞ்சம்தான் வரும், மிச்சம் தேதி எழுதியது, லோகநாதன் தேதிக்கு என்ன மதிப்பு, தெரியாது, ஆனால் சம்பந்தி வீடு என்று ஒன்று இருக்கும்வரை அவன் நம்பரை மாற்ற மாட்டான். "ஒங்க வீட்டம்மா கணக்கு நல்லா எழுதுவாங்களா" என்று பெரியப்பா கேட்டார். "ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் சோறு போட்டுக் கணக்கு எழுதினவ. ஒரு முட்டை தப்பாது." இதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை என்பது வாயை விட்டு வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது, நாக்கில் வித்தியாசமாக இருந்தது, கொஞ்சம் தித்திப்பாகக் கூட. கை கழுவிவிட்டு வாசலுக்கு வந்தார். மேசையைச் சுற்றி நம் ஆட்கள் கல்யாண வீட்டுக்காரர்களைப் போலவே வாங்க வாங்க என்று வரவேற்றுக்கொண்டு நின்றார்கள், சுப்புராயலு சந்தனக் கிண்ணத்தை நீட்டினார், டீச்சர் உறையைப் பிரித்துப் பெயரை உரக்கப் படித்தார், சௌந்தரம் மூக்குக் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு எழுதினாள், பெட்டியில் நோட்டுகளை முகம் பார்த்து அடுக்கினாள். வரிசையில் நிற்கத்தான் கோதண்டபாணி நின்றார், ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது, கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டுக் கை வீசிக்கொண்டு போக ஒருநாளும் பழக்கமில்லை, அவ்வளவுதான், முறை வந்ததும் சட்டைப்பையிலிருந்து நூறு ரூபாயை எடுத்து, ஒரு ரூபாய்க் காசைத் தேடிச் சேர்த்து, மேசைமேல் வைத்தார். சௌந்தரம் பேனாவை நிறுத்தினாள். யாரோ வேற்றாளைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தாள், பின்னால் ஜனம் நிற்கிறது, அவள் உதட்டோரம் பல மாதத்துக்குப் பிறகு ஏதோ அசைந்தது. நோட்டையும் காசையும் விரல் நுனியால் அவர் பக்கமே தள்ளினாள்.

"இத எடுத்து வையுங்க, திரும்பிப் போக பஸ்ஸுக்கு வேணும்" என்றாள். "அடுத்தவங்க வாங்க."